எட்டு டிகிரி

என் தங்கை வீட்டுக்காரருக்கு எங்கள் ஆய்வுக்கூடத்தில் வைத்திருந்த பட்டப்பெயர் 'இன்னொருதடவை'. எதைச் சோதித்தாலும், எல்லாம் சரியாகவே வந்திருந்தாலும், கையுறையைக் கழற்றாமல் நின்றுகொண்டு, "இன்னொரு தடவை பாத்துடலாமே" என்பார். சிலர் சிரிப்பார்கள். சிலர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பல்லைக் கடிப்பார்கள். நான் சிரிக்கிற கட்சி.

அவர் என் தங்கைக்குக் கணவரானதே என்னால்தான். தூசி நுழையாத கிளீன் ரூமில், தலைமுடியைவிட மெல்லிய கம்பியை ஒட்டும்போது மூச்சை நிறுத்திக்கொண்டு நிற்கும் அந்த மனிதரைப் பல மாதம் பார்த்தேன். இவர் ஒரு பொருளைக் கைதவறவிட மாட்டார், ஆளையும் விட மாட்டார் என்று தோன்றியது. வீட்டில் போய்ச் சொன்னேன். முதல்முறை சந்தித்தபோது தங்கை நேராகவே கேட்டாள்: "என்னப் பிடிச்சிருக்கா?" அவர் பழக்கதோஷத்தில், "இன்னொரு தடவை பாத்துட்டுச் சொல்றேனே" என்றுவிட்டார். தங்கை சிரித்த சிரிப்பில் அந்த இடத்திலேயே கல்யாணம் முடிவாகிவிட்டது.

வீட்டில் என்னை அக்கா என்பார். ஆய்வுக்கூடத்தில் மேடம். நான் சோதனைப் பிரிவின் பொறுப்பாளர், அவர் மூத்த டெக்னீஷியன். இந்த இரண்டையும் அவர் ஒருநாளும் குழப்பிக்கொண்டதில்லை.

நாங்கள் செய்துகொண்டிருந்தவை ஒரு விண்வெளித் தொலைநோக்கியின் கேமராவுக்கான, ஒளியை வாங்கிப் படமாக்கும் டிடெக்டர்கள். உள்ளங்கையில் பாதி அளவுள்ள சிப்கள், மொத்தம் முப்பத்தாறு. ஆறுக்கு ஆறாக அடுக்கினால் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலம் வரும். கரும்பொருளைத் தேடுவதற்கான தொலைநோக்கி அது. கரும்பொருள் ஒளி விடாது, ஒளியை மறைக்கவும் செய்யாது. எடை மட்டும் உண்டு. அந்த எடை, தன் பின்னாலிருந்து வரும் ஒளியைக் கொஞ்சம் வளைத்துவிடும். அதனால் தூரத்துக் கேலக்ஸிகள் நூற்றில் ஒரு பங்கு நீண்டு தெரியும். லட்சக்கணக்கான கேலக்ஸிகளை அளந்து, எவை எந்தப் பக்கம் நீண்டிருக்கின்றன என்று பார்த்துத்தான் கரும்பொருள் எங்கே இருக்கிறது என்று வரைபடம் போடுவார்கள். ஆகவே டிடெக்டர் தன் பங்குக்கு எதையும் நீட்டிவிடக் கூடாது. எங்கள் தொழிலின் தர்மமே அவ்வளவுதான்.

கேமராவில் பொருத்திவிட்டிருந்த பதினொன்றாம் எண் சிப்பை மூன்றாம் முறையாகக் குளிரூட்டி வைத்திருந்த ஒரு முற்பகல் அது. விண்வெளியில் இந்தச் சிப்கள் மைனஸ் நூற்றிருபது டிகிரியில் வேலை செய்யவேண்டும். ஒரு வெற்றிடக் கலத்துக்குள் வைத்து, திரவ நைட்ரஜனை மெல்ல மெல்லச் செலுத்தி அந்தக் குளிருக்குக் கொண்டுவர இரண்டு நாள் பிடிக்கும். அவர் என்னைத் திரைக்குப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"மேடம், இந்தப் புள்ளிகளைப் பாருங்க. வலது ஓரத்துல."

ஊசிமுனை வெளிச்சங்கள் வரிசையாகத் தெரிந்தன. எல்லாம் வட்டமாகத்தான் இருந்தன.

"பெருசாக்கறேன். இப்ப?"

ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே, மேகத்தின் நிழல் மாதிரி, மங்கலாக ஒரு வால்.

சிப்பில் விழுந்த ஒளி மின்னூட்டமாக மாறும். படத்தை வெளியே எடுக்க, அந்த மின்னூட்டத்தை ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குத் தள்ளிக்கொண்டே வரவேண்டும். தீயணைக்க வரிசையில் நிற்பவர்கள் வாளித் தண்ணீரைக் கைமாற்றுகிற மாதிரி. எங்காவது ஒரு கை சிந்தினால், சிந்தியது பின்னால் வருகிற வாளியில் சேரும். படத்தில் அது வாலாகத் தெரியும். வால் இருந்தால் வட்டம் நீளும். நீண்டால் அது கரும்பொருள் செய்த வேலையா, நம் சிப் செய்த வேலையா என்று யாராலும் சொல்ல முடியாது.

"கனெக்டர் லூசா இருந்தாலும் இப்படி வருமே?" என்றேன்.

"வரும். ஆனா ரெண்டு ஸ்க்ரூவையும் நான்தான் முடுக்கினேன். அளவுக்கருவி வச்சுத்தான் முடுக்கினேன்." கொஞ்சம் தயங்கினார். "முதல் ரெண்டு தடவையும் நாம முழுக்குளிருக்குக் கொண்டுபோகல. சிப்புக்குள்ளேயே ஏதோ இருக்கு. அது முழுக்குளிர்ல மட்டும்தான் தெரியுதோன்னு நினைக்கிறேன். இன்னொரு தடவை..."

இந்த முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேமராவை ஒப்படைக்க ஒன்பது நாள்தான் இருந்தது, அதில் பேக் செய்யவே ஐந்து நாள் போய்விடும். சிப்பை மாற்றுவதென்றால் பக்கத்துச் சிப்களையும் கழற்ற வேண்டும், மூன்று மாதம் போய்விடும். திட்டத் தலைவரை நாங்கள் 'காலண்டர்' என்போம். மனிதர் தேதியைத் தவிர வேறெதுவும் பேசமாட்டார். குசலம் விசாரித்தால்கூட, "இன்னும் ஒன்பது நாள்" என்பார். அவரிடம் போய் மூன்று மாதம் என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை.

கலத்தைத் திறந்து, கனெக்டரைக் கழற்றி மாட்டி, நானே கூட நின்று நான்காம் முறை குளிரூட்டினோம். மைனஸ் நூற்றுப் பன்னிரண்டில் நைட்ரஜன் தீர்ந்துவிட்டது. அடுத்த டேங்கர் நாளை மறுநாள்தான் வரும் என்றார்கள். அந்தக் குளிரிலேயே படம் எடுத்தேன். வால் இல்லை. எவ்வளவு பெரிதாக்கினாலும் இல்லை.

"பாத்தீங்களா? கனெக்டர்தான்" என்றேன்.

"இன்னும் எட்டு டிகிரி போகல, மேடம்."

"எட்டு டிகிரி என்ன பண்ணிடப்போவுது?"

"எனக்குத் தெரியாது. அதனாலதான் கேக்கறேன். டேங்கர் வரட்டும். ரெண்டு நாள் குடுங்க."

"நாள் என்கிட்ட இல்ல."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். அறையில் வேறு யாரும் இல்லை. "அக்கா," என்றார். அந்த அறையில் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அந்த ஒரு முறைதான். "மனசு ஒப்பலேன்னா கையெழுத்துப் போடாதீங்க, அக்கா."

எனக்குச் சுருக்கென்றது. மனசு ஒப்பாத இடத்தை அவர் சரியாகத் தொட்டுவிட்டதால்தான் அவ்வளவு கோபம் வந்தது என்று இன்று தெரிகிறது. அன்று, "உறவை வாசலோட விட்டுட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு வெளியேறினேன்.

அறிக்கையை அன்றே எழுதினேன். மூன்றாம் சோதனையில் தெரிந்த குறைக்குக் காரணம்: கனெக்டர் சரியாக முடுக்கப்படாதது, பொருத்தியவரின் கவனக்குறைவு. நான்காம் சோதனை: இயங்கும் குளிர்நிலையில் குறை எதுவும் காணப்படவில்லை. இயங்கும் குளிர்நிலை என்றால் மைனஸ் நூற்றிருபது. எழுதும்போது கை நடுங்கியதாகச் சொன்னால் நன்றாக இருக்கும். நடுங்கவில்லை. காலண்டர் ஒரு முறை படித்துவிட்டு, "யார் பொருத்தினது?" என்று மட்டும் கேட்டார். நான் சொன்னேன்.

விண்ணுக்குப் போகிற பொருள் எதையும் அவர் தொடக்கூடாது என்றாகிவிட்டது. விசாரணை முடியும்வரை என்று சொல்லி ஸ்டோருக்கு அனுப்பினார்கள். விசாரணை என்று ஒன்று நடக்கவே இல்லை. நான்கு மாதம் பெட்டிகளுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தார். தினமும் காலையில் எதிரில் பார்த்தால், "வணக்கம், மேடம்" என்பார். பிறகு ஒருநாள் அவருடைய அடையாள அட்டை வரவேற்பறை மேசையில் கிடந்தது. ஆள் இல்லை. என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லிக்கொள்ளும்படி நான் என்ன வைத்திருந்தேன்?

தங்கை என் தொலைபேசி அழைப்புகளை எடுப்பதை நிறுத்தினாள். ஒருமுறை வீட்டுக்குப் போனேன். சன்னலில் அவள் நிழல் அசைந்தது, கதவு திறக்கவில்லை. அடுத்த வருடம் அவளுடைய மாமனார் இறந்த செய்தியைப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் அறிந்தேன். போனேன். கூட்டத்தில் கடைசியில் நின்றுவிட்டு வந்தேன்.

தொலைநோக்கி ஏவப்பட்டது. கேமரா முதல் நாளிலிருந்தே அருமையாக வேலை செய்தது. என்னை மேடையில் ஏற்றிக் கைதட்டினார்கள்.

ஏவி ஒன்றரை வருடம் ஆனபின், கரும்பொருள் வரைபடம் போடும் பிரிவிலிருந்து ஓர் ஆய்வாளர் எங்களுக்கெல்லாம் முன்னோட்டம் காட்ட வந்தார். ஐந்து வருடமாகத் தூக்கம் கெட்டு உழைத்த பெண். சந்தோஷத்தில் வேகவேகமாகப் பேசினார். திரையில் நீல நிறத்தில் கரும்பொருள் திட்டுத்திட்டாகத் தெரிந்தது. கேலக்ஸிகள் கூடும் இடத்தில் அடர்த்தி, இல்லாத இடத்தில் வெறுமை. எதிர்பார்த்த மாதிரியேதான்.

"ஆனா இதைப் பாருங்க," என்று ஒரு கோட்டைக் காட்டினார். வரப்பு போல ஒரு நீளமான மேடு. "இங்க கேலக்ஸியே இல்ல. கரும்பொருள் மட்டும் தனியா, இவ்வளவு நீளத்துக்கு. இதுவரைக்கும் யாரும் பாக்காதது. கட்டுரை தயாரா இருக்கு."

கைதட்டல். காலண்டர் வாழ்க்கையில் முதல்முறையாகத் தேதி சொல்லாமல், "பிரமாதம்" என்றார்.

நான் அந்த மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நேர்க்கோடாக ஓடியது. கொஞ்ச தூரத்தில், அதே அகலத்தில், மங்கலாக இன்னொன்று. அதற்கப்பால் இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் நடுவே இருந்த இடைவெளி எனக்குப் பழக்கமானது. தொலைநோக்கி ஒவ்வொரு முறை நகர்ந்து படம் எடுக்கும்போதும் நகர்கிற தூரம் அது. இயற்கைக்கு அந்தத் தூரம் எப்படித் தெரியும்?

என் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, எந்தச் சிப் அந்தப் பகுதியைப் படம் எடுத்தது என்று பார்த்தேன். பார்க்காமலே தெரிந்திருந்தது. பதினொன்று. வலது ஓரம்.

மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. இதையும் சொல்லிவிட வேண்டும். கதிர்வீச்சு பட்டுச் சிப் கெட்டிருக்கலாம், விண்வெளியில் அது நடப்பதுதான், என்மேல் பழி வராது என்று கணக்குப் போட்டேன். நான்காம் நாள் அந்த ஆய்வாளரை நடைவழியில் பார்த்தேன். கட்டுரையை அச்சடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார். "அடுத்த வாரம் அனுப்பறேன், மேடம். எங்கப்பா இப்பவே ஊரெல்லாம் சொல்லிட்டாரு" என்று சிரித்தார்.

"அனுப்பாதீங்க" என்றேன்.

அன்று பிற்பகல் கூட்டத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். வாலை, மூன்றாம் சோதனையை, தீர்ந்துபோன நைட்ரஜனை, அறிக்கையில் நான் எழுதிய பொய்யை. ஆய்வாளர் கட்டுரையின் ஓரத்தை மடித்துக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தார்.

காலண்டர்தான் கடைசியில் கேட்டார். "அப்ப அந்த டெக்னீஷியன் சொன்னது சரியா?"

"சரி."

"அவர் ஏதாவது அளந்து வச்சிருந்தாரா? ஏவறதுக்கு முன்னாடி வால் எவ்வளவு இருந்ததுன்னு தெரிஞ்சா, மேலே போய்க் கெட்டது எவ்வளவுன்னு பிரிச்சுடலாம். திருத்தலாம்."

அறிக்கையில் அந்த எண்களை நான் சேர்க்கவில்லை. சோதனைக் கோப்பில் அந்தப் படங்களைப் பிழையானவை என்று குறித்து அழிக்கச் சொன்னதும் நான்தான். ஆனால் அவர் தனக்கென்று ஒரு நோட்டு வைத்திருப்பார் என்று தெரியும்.

இந்த முறை கதவு திறந்தது. தங்கைக்கு நரை விழுந்திருந்தது.

"வாங்க" என்றாள்.

"என்னடி, 'ங்க' போடறே?"

"வீட்டுக்கு வர்றவங்களுக்கு மரியாதை குடுக்கணும்ல."

முன்னறையில் உட்கார்ந்தேன். சுவரில் புதிய வண்ணம். நான் வாங்கிக்கொடுத்த நாற்காலிகள் இல்லை. அவர் உள்ளேயிருந்து வந்தார், ஈரக்கையைத் துடைத்தபடி. நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல, அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த எதுவுமே வரவில்லை. வெற்றி இல்லை, கோபம் இல்லை. பாதியிலேயே குறுக்கிட்டு, "வால் எத்தனை கட்டத்துக்குப் போகுது?" என்று கேட்டார்.

"ஏழு. சில இடத்துல எட்டு."

"ஏவறதுக்கு முன்னாடி ஆறுதான் இருந்தது." எழுந்து உள்ளே போனார். நோட்டைத் தேடும் சத்தம் கேட்டது.

தங்கை என் எதிரில் நின்றாள். "அவர் உன்கிட்ட ஒரு நாளாவது கேட்டாரா, ஏன் இப்படி எழுதினீங்கன்னு? கேக்க மாட்டார். நான் கேக்கறேன். ஏன்க்கா?"

ஐந்து வருடம் கழித்து அக்கா என்றாள். அதற்குச் சமமான ஒரு பதிலைத் தேடினேன். கிடைத்தது இதுதான்: "நைட்ரஜன் தீந்துபோச்சு."

அவள் என்னைப் பார்த்தாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகம். "அவ்வளவுதானா?" என்றாள்.

"அப்புறம்... அவர் பேரை எழுதினா யாரும் மேற்கொண்டு கேக்க மாட்டாங்கன்னு தெரியும். டெக்னீஷியன்தானே. உன் வீட்டுக்காரர், அதனால எம்மேல சண்டைக்கும் வர மாட்டார்."

அதைச் சொன்ன பிறகுதான் எனக்கே அது தெரிந்தது. தங்கை சமையலறைக்குப் போய்விட்டாள்.

அவர் நோட்டுடன் வந்தார். பென்சிலில் எழுதிய சிறு சிறு எண்கள். மூன்றாம் சோதனையின் ஒவ்வொரு மணி நேரமும், ஒவ்வொரு டிகிரியும் அதில் இருந்தன. மைனஸ் நூற்றுப் பதினைந்தில் வால் தொடங்குகிறது. நூற்றிருபதில் முழுதாகிறது. நான் நின்ற இடத்துக்கு மூன்று டிகிரி தள்ளி.

"எடுத்துட்டுப் போங்க, மேடம்" என்றார். "வாசல்ல படி ஒண்ணு உடைஞ்சிருக்கு. பாத்து எறங்குங்க."

அந்த எண்களை வைத்துத் திருத்தம் போட ஆறு மாதம் ஆனது. வரைபடத்திலிருந்த மேடு கரைந்துபோனது. ஆய்வாளரின் கட்டுரை வெளிவரவே இல்லை. வரைபடம் மட்டும் ஒரு வருடம் தாமதமாக, அமைதியாக வந்தது. மற்ற முப்பத்தைந்து சிப்களும் தங்கள் வேலையைச் செய்தன. பதினொன்றின் வலது ஓரத்தை இன்றும் பாதி நம்பிக்கையோடுதான் எடுத்துக்கொள்கிறார்கள். சோதனைப் பிரிவின் பொறுப்பிலிருந்து நான் விலகிக்கொண்டேன். விலகச் சொல்வதற்குள் விலகிவிட்டேன் என்பதுதான் உண்மை. பழைய அறிக்கையை ரத்து செய்து, புதிதாக ஒன்று எழுதிக் கையெழுத்திட்டேன். பொருத்தியவரிடம் எந்தத் தவறும் இல்லை, குறையை முதலில் கண்டறிந்தவர் அவரே, எச்சரிக்கையைப் புறக்கணித்தவர் கீழே கையெழுத்திட்டிருப்பவர். அவரைத் திரும்ப வேலைக்கு அழைக்கும் கடிதத்தையும் காலண்டரிடம் வாங்கினேன்.

இரண்டையும் எடுத்துக்கொண்டு அவர் வேலை செய்யும் கண் மருத்துவமனைக்குப் போனேன். விழித்திரையைப் படம் பிடிக்கும் கருவிகளைப் பராமரிக்கிறார். ஒரு சின்ன அறை, மேசையில் பிரித்துப் போட்ட ஒரு கேமரா, சுவரில் யாரோ ஒருவருடைய விழித்திரையின் படம், செம்மஞ்சளாக. அதற்குள்ளும் ஒரு சிப்தான் இருக்கிறது என்றார். குளிரூட்ட வேண்டாம், பெரிய நிம்மதி என்றார்.

அறிக்கையைப் படித்தார். முழுதும் படித்து, முதல் பக்கத்துக்குத் திரும்பி மறுபடி படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"எங்கப்பா முப்பது வருஷம் பஸ் ஓட்டினாரு. உங்களுக்குத் தெரியும். ஒரு கீறல் விழுந்ததில்ல" என்றார். "நாம செய்யற கேமராவைப் பத்தி டிப்போ முழுக்கச் சொல்லி வச்சிருந்தாரு. என்னை ஸ்டோருக்கு மாத்தினதும் கேட்டாரு, ஒரு ஸ்க்ரூவை முடுக்கத் தெரியலையாடான்னு. நான் முடுக்கினேன்ப்பான்னு சொன்னேன். பெரிய படிப்புப் படிச்சவங்க எழுதினா தப்பா எழுதுவாங்களான்னுட்டாரு. அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கல. என்கிட்டயும் அதிகமாப் பேசல."

அறிக்கையை மடித்தார். "இது அப்ப இருந்திருக்கலாம்."

நான், "தம்பி" என்று தொடங்கினேன்.

"உங்களைக் குத்திக் காட்டணும்னு சொல்லல. எழுதிக் கொண்டுவந்ததுக்கு நன்றி. அவ்வளவுதான் சொல்லத் தெரியும்." வேலைக்கு அழைக்கும் கடிதத்தை உறையோடு என் பக்கம் தள்ளினார். "இங்க காலையில நூறு பேர் வர்றாங்க. நான் ஒரு நாள் வரலேன்னா ரெண்டு மெஷின் நின்னுடும். அங்க எனக்குப் பதிலா யாராவது இருப்பாங்க."

"அறிக்கையை?"

"அதை வச்சுக்கறேன்."

கதவைத் தட்டி யாரோ, மூன்றாவது அறையில் படம் விழவில்லை என்றார்கள். அவர் கருவிப்பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று, என்ன நினைத்தாரோ, "அவகிட்ட நீங்க வந்ததைச் சொல்றேன்" என்றார். வேகமாக நடந்துவிட்டார்.

வெளியே காத்திருப்போர் கூடத்தில் நாற்பது ஐம்பது பேர், கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, வரிசை வரிசையாகக் கண்களை மூடி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு காலி இருக்கையில் உட்கார்ந்தேன். கன்னத்தில் வழிவதைத் துடைக்கத் தோன்றவில்லை. அங்கே அது யாருக்கும் வித்தியாசமாகவும் தெரியாது.

ஒரு நர்ஸ் என் தோளைத் தொட்டார். "உங்களுக்கு மருந்து போட்டாச்சாம்மா?"

"ஆச்சு" என்றேன்.

"அப்ப கண்ணைத் திறக்காதீங்க. கொஞ்ச நேரம் எரியும், அப்புறம் சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்தவரிடம் போனார்.